லிஃப்டில் இறங்கிய விலை

பெட்ரோல் விலை ஏறிய அன்று வேன்காரம்மா பங்க்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு வண்டிகள். முதல் வண்டிக்குப் பழைய விலை. இரண்டாவது வண்டிக்கு ஊற்றி முடிக்கும் நேரத்தில் உள்ளே போன் மணி அடித்தது. பங்க் ஊழியர் பேசிவிட்டு வந்து, ஏணியைச் சாய்த்து ஏறி, பலகையில் இரண்டு எண்களைக் கழற்றி வேறு இரண்டு எண்களை மாட்டிவிட்டு இறங்கினார். வேன்காரம்மா மூடியைத் திறந்தபோது லிட்டருக்கு ஏழு கூடியிருந்தது.

"என்னங்க அநியாயமா இருக்கு, நான் வரிசையில நிக்கும்போது பழைய விலைதானே?"

"வரிசைக்கு ஏதுக்கா விலை? குழாய்க்குத்தான் விலை."

"குழாய்க்கு அடியில இருக்கிறது பழைய பெட்ரோல்தானே?"

"போன வாரம் வந்தது" என்றார் ஊழியர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆனா விலை ஏறின விஷயம் அதுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

வேன்காரம்மாவுக்கு ஐம்பது வயது. கணவர் முதுகு உடைந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகு அவர் ஓட்டிய வேனை இவர் ஓட்டுகிறார். பன்னிரண்டு பேர் உட்காரும் பழைய வண்டி. பக்கக் கதவை இரண்டு முறை அடித்துச் சாத்தினால்தான் சாத்தும். குடியிருப்பிலிருந்து ஊருக்கு வெளியே இருக்கும் சட்டை கம்பெனிக்குப் பதினோரு பெண்களைக் காலையில் கொண்டுபோய் விடுவார், மாலை ஐந்தரைக்குத் திரும்பக் கூட்டிவருவார். வீட்டில் அடுப்பு எரிவது இந்தப் பதினோரு பேரால்தான்.

அன்று மாலையே பெண்களிடம் விஷயத்தைச் சொன்னார். தலைக்கு மாதம் ஐம்பது கூட வேண்டும். முகம் சுண்டினாலும் யாரும் சண்டைக்கு வரவில்லை. கம்பெனியில் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா அடிக்கிற பெண் ஒருத்தி மட்டும், எல்லோரும் காஜாம்மா என்று கூப்பிடுவார்கள், கணக்கில் கெட்டிக்காரி, இப்படிக் கேட்டாள்: "சரிக்கா, ஏத்துறீங்க. இறங்கினா இறக்குவீங்களா?"

"ஏறினா ஏத்துறேன், இறங்கினா இறக்குறேன். என்ன பேச்சு இது? நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?" என்றார் வேன்காரம்மா. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறே வாரத்தில் கச்சா எண்ணெய் விழ ஆரம்பித்தது. வேன்காரம்மாவின் வீட்டுக்காரருக்குப் பகல் முழுக்க டிவிதான் கதி. மனைவி உள்ளே நுழைந்ததும், "இன்னைக்கும் விழுந்துடுச்சு" என்பார், குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிற குரலில். திங்கள் விழுந்தது. வியாழன் விழுந்தது. அடுத்த வாரம் எழுந்திருக்குமோ என்று பார்த்தால், படுத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று. இரண்டு மாதத்தில், ஏழு ஏறுவதற்கு முன்னால் எங்கே இருந்ததோ அதற்கும் கீழே கிடந்தது. பங்க் பலகை மட்டும் இம்மியளவும் அசைந்து கொடுக்கவில்லை.

வேனுக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. "டிவியில என்னமோ விழுந்துச்சுன்னு தினமும் சொல்றாங்களேக்கா, உங்க வண்டிப் பக்கம் வந்து விழலையா?" என்று காஜாம்மா கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பின்சீட்டில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. விலை ஏறினதாகச் சொல்லிக் காசு வாங்கத் தெரிந்த அக்காவுக்கு இறங்கினதைச் சொல்ல வாய் வரவில்லை என்று அவர்கள் நினைப்பது கண்ணாடியில் தெரிந்தது. வேன்காரம்மாவுக்கு அது ரொம்ப வலித்தது. பலகையைப் போய்ப் பாருங்களேன் என்றார். பலகை என்ன சாமியா என்றார்கள்.

போதாததற்குக் கொழுந்தன் வேறு. அவரும் ஒரு வேன் வாங்கியிருந்தார். புதுசு, உள்ளே குளிரும், கதவு தொட்டாலே சாத்திக்கொள்ளும். அதில் மூன்று பேர்தான் வந்தார்கள். "அண்ணி, உங்களுக்குச் சிரமம்னா சொல்லுங்க, அந்தப் பொண்ணுங்களை நான் பார்த்துக்கறேன். பழைய வாடகையே போதும் எனக்கு" என்று வீட்டுக்கே வந்து பரிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பெண்களிடமும் சொல்லியிருந்தார். கடைசியில் பதினோரு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வரும் ஒன்றாம் தேதிக்குள் அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் அக்கா வேன். இல்லையென்றால் குளிர்கிற வேன். ஒன்றாம் தேதிக்கு இருபது நாள் இருந்தது.

பங்க் ஊழியரிடம் போய் நின்றார்.

"எனக்கு போன் வந்தா ஏணி எடுப்பேன்க்கா. வரலன்னா எடுக்க மாட்டேன்."

"இறக்கச் சொல்லி போனே வராதா?"

"வராம என்ன? வந்திருக்கு. என் கல்யாணத்தப்ப ஒரு தடவை வந்துச்சு." ஊழியருக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவன் மீசை வைத்திருந்தான். "எதுக்கும் நீங்க ஆணையத்துல போய்க் கேளுங்க. அங்கேருந்துதான் போன் வருது."

எரிபொருள் விலை ஆணையம் ஒன்பது மாடிக் கட்டடம். பெண்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு நேராக அங்கே போனார். வாசலில் விசாரணை என்று எழுதியிருந்த இடத்தில் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "ஏற்றமா, இறக்கமா?"

"இறக்கங்க."

"ஏற்றம்னா சொல்லுங்க, நாலே நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"இல்லைங்க, இறக்கம்தான்."

அவர் இப்போது தலையைத் தூக்கி, ஆஸ்பத்திரியில் தீராத நோய்க்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஒன்பதாம் மாடி. படியில போங்க. லிஃப்ட் ஏற்றப் பிரிவுக்கு ஒதுக்கினது."

வேன்காரம்மா ஒன்பது மாடியும் ஏறினார். மூச்சு வாங்க நின்ற ஒவ்வொரு மாடியிலும் இறக்கப் பிரிவுதான் இருந்தது. வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு ஓர் ஆள். முந்நூற்று நாற்பது பேர் என்று பிறகு தெரிந்தது. ஏற்றப் பிரிவு என்பது ஒன்பதாம் மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஒரே ஒருவர், ஒரு பேனா, ஒரு கட்டு துண்டுச் சீட்டு. ஏற வேண்டிய எண்ணைச் சீட்டில் எழுதி லிஃப்ட்காரரிடம் கொடுத்தால் அவருடைய வேலை முடிந்தது. மூன்று மாதத்துக்கு மேலாக வேலை இல்லாததால் அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கப் பிரிவின் இயக்குநர் அன்பானவர். நாற்காலியில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வேன்காரம்மா சொன்னதையெல்லாம் முழுசாகக் கேட்டார்.

"அம்மா, விலையை இறக்கறதுல எங்களுக்கு இருக்கிற அக்கறை வேற யாருக்கும் கிடையாது. ஏத்தறதுக்கு ஒரே ஒருத்தர்தான் வச்சிருக்கோம். இறக்கறதுக்கு முந்நூத்தி நாப்பது பேர். இதிலேயே தெரியலையா நாங்க யார் பக்கம்னு?"

"அப்புறம் ஏங்க இறங்க மாட்டேங்குது?"

"இத்தனை பேரும் பார்க்கணும் இல்லையா?"

அவர் விளக்கினார். கச்சா எண்ணெய் இன்றைக்கு விழுந்தால் அது கப்பலில் வர வேண்டும், சுத்திகரிக்க வேண்டும், தொட்டியில் நிரம்ப வேண்டும். இப்போது தொட்டியில் இருப்பதோ அதிக விலைக்கு வாங்கிய பழைய எண்ணெய். அது தீரும்வரை விலையை எப்படி இறக்குவது?

"ஏறும்போதும் தொட்டியில பழைய எண்ணெய்தானேங்க இருந்துச்சு? குறைஞ்ச விலைக்கு வாங்கினது?"

இயக்குநருக்குக் கோபமெல்லாம் இல்லை. "அது ஏற்றம் சம்பந்தப்பட்ட கேள்வி. நான் இறக்கம். பிரிவு தாண்டிப் பதில் சொன்னா மரியாதையா இருக்காது" என்றார்.

"பக்கத்து அறையில அவர் சும்மாதானே இருக்காரு, கேட்டுட்டு வரட்டுமா?"

"அவருக்குப் பொதுமக்களைச் சந்திக்கற அனுமதி இல்லம்மா. மக்கள்கிட்ட பேசறதுக்கு எங்களை வச்சிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொண்ணு யோசிங்க. விலை திடீர்னு இறங்கினா மக்களுக்கு அதிர்ச்சியா இருக்கும். அவங்களுக்கு அது பழக்கமில்லை" என்றார்.

"திடீர்னு ஏறினா?"

"அது பழக்கம்தானே."

ஆனால் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. விலையை ஏழு குறைக்கும் கோப்பு ஏற்கெனவே தயாராகி, கையெழுத்தாகி, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் அது மூன்று நாள் ஆற வேண்டும். அந்த மூன்று நாளில் கச்சா எண்ணெய் கொஞ்சமாவது ஏறினால் கோப்பு திரும்ப ஒன்பதாம் மாடிக்குப் போய்விடும். மேலே போவதற்கு மட்டும் அதற்கு லிஃப்ட் உண்டு. ஏறவில்லையென்றால் அடுத்த மாடிக்கு இறங்கும். இப்படி அரைக் காசு ஏறியதற்கே இரண்டு முறை மூன்றாம் மாடிவரை வந்து திரும்பியிருக்கிறதாம். இப்போது ஆறாம் மாடியில் இருந்தது.

வேன்காரம்மா விரல் விட்டு எண்ணினார். ஆறு மாடி, மூன்று மூன்று நாள், பதினெட்டு. ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிந்துவிடும். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கச்சா எண்ணெய் மட்டும் எழுந்திருக்காமல் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து காலையில் பெண்களை இறக்கிவிட்டு ஆணையத்துக்கு வருவதும், மாலை ஐந்து மணிக்குக் கிளம்புவதும் வழக்கமாகிவிட்டது. கோப்பு எந்த மாடியில் ஆறுகிறதோ அந்த மாடிப் பெஞ்சில் அவரும் உட்கார்ந்து ஆறுவார். அதைத் தூக்கி இறங்குவதற்கென்று ஒரு பெரியவர் இருந்தார். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு, இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஒரு மாடி இறங்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு படி, ஒரு முனகல், ஒரு நிற்றல்.

"லிஃப்ட்ல போகக் கூடாதாய்யா?"

"கேட்டேம்மா. ஆஸ்பத்திரிச் சீட்டு வச்சு மனு கொடுத்தேன். இறக்கத்துக்கு இறக்கத்தோட மரியாதை இருக்குன்னு எழுதி அனுப்பிட்டாங்க."

ஐந்தாம் மாடியில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. கச்சா எண்ணெய் விழுந்திருக்கிறதா, அல்லது உட்கார்ந்திருக்கிறதா என்பதை அந்தக் குழு ஆராய்ந்தது. விழுந்தது என்றால் இறக்கலாம். உட்கார்ந்திருக்கிறது என்றால் எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடும், அதனால் காத்திருக்க வேண்டும். மூன்று நாள் முழுக்கப் பேசினார்கள். கதவு திறந்திருந்ததால் வேன்காரம்மாவுக்கும் கேட்டது. கடைசியில் தலைவர், "விழுந்துதான் இருக்கு, ஆனா ஒரு கையை ஊணிக்கிட்டு விழுந்திருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோப்பு பிழைத்தது.

நான்காம் மாடியில் இன்னொரு அதிகாரி, அவருடைய பொறுப்பு மக்கள் மனநிலை. விலை இறங்கினால் மக்கள் என்ன செய்வார்கள் என்று அவர் வேன்காரம்மாவையே கேட்டார்.

"நான் வாடகையைக் குறைப்பேன்."

"பாருங்க, பாருங்க" என்றார் அவர், பயத்தோடு குறித்துக்கொண்டே. "ஒருத்தர் குறைச்சா இன்னொருத்தரும் குறைப்பாங்க. அப்புறம் இது எங்க போய் நிக்கும்?"

கச்சா எண்ணெய் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் பாவம், தினமும் அதன் உடல்நிலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் நடுவில் நான்கு நாள் தொடர் விடுமுறை வந்தது, பிறகு பெரியவருக்கு ஒரு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. கையிலிருந்த இரண்டு நாளும் கரைந்து, இன்னும் கொஞ்சமும் போய்விட்டது. ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது கோப்பு மூன்றாம் மாடியிலேயே இருந்தது. கொழுந்தன் சட்டை கம்பெனி வாசலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்திருந்தார். சும்மா நிற்கிறேன் அண்ணி, நிழல் நல்லா இருக்கு என்றார்.

அன்று மாலை ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பெரியவர் கோப்போடு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கத் தொடங்கினார். நான்காவது படியில் முழங்கால் மடங்கிவிட்டது. விழவில்லை, சுவரைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீ கீழதானம்மா போற? இதை ரெண்டாம் மாடியில முதல் மேசையில வச்சுடு. உனக்குப் புண்ணியமா போகும்."

வேன்காரம்மா கோப்பை வாங்கிக்கொண்டு ஓடினார். இரண்டாம் மாடி பூட்டிக் கிடந்தது. மொத்த மாடியும் பொறுமை பற்றிய பயிற்சிக்குப் போயிருப்பதாகவும் ஆறு நாள் கழித்து வரும் என்றும் கதவில் தாள் ஒட்டியிருந்தது. மேலே போய்ப் பெரியவரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் ஐந்தரைக்கு வேன் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது எதிரே லிஃப்ட் திறந்தது.

லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ஏறுங்க. நாலு மாசமா ஏற்றமே இல்லை. மனுஷ முகத்தைப் பார்த்து நாளாச்சு" என்றார்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது. மணி அடித்தது. லிஃப்டுக்கு நேர் எதிரே அனுப்புகை மேசை. அங்கே காதில் போன் மாட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் மணி கேட்டதும் அவள் முதுகு நிமிர்ந்தது. காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்ல வேன்காரம்மா வாயைத் திறப்பதற்குள் கோப்பை வாங்கி, பிரித்து, எண்ணைப் பார்த்து, பொத்தானை அழுத்தி, நாட்டில் உள்ள எல்லா பங்க்குகளுக்கும் ஒரே நேரத்தில் வாசித்துவிட்டாள். படியில் வந்த காகிதம் தட்டில் கிடக்கும். லிஃப்டில் வந்த காகிதம் உடனே போகும். பதினான்கு வருடமாக அதுதான் அவள் வேலை. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

கம்பெனிக்குப் போகும் வழியில் வேன்காரம்மா பங்க்கைப் பார்த்தார். ஊழியர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே பெரிய கூட்டம். ஆனால் யாரும் பெட்ரோல் போடவில்லை. "தண்ணியைக் கலந்துட்டாங்க போல" என்றார் ஒருவர். "நமக்குக் காது குத்தறாங்க. இப்ப போட்டா பின்னாடி வீட்டுக்கு வந்து வாங்குவாங்க" என்றார் இன்னொருவர். பலகையில் ஏழு குறைந்திருந்தது.

வேன்காரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. நடந்தது எப்படி என்று அவருக்கு முழுசாக விளங்கவில்லை. கோப்பு இறங்கிவிட்டது, அவ்வளவு போதும். கம்பெனி வாசலில் கொழுந்தனின் வேனுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, எல்லோரும் ஏறியதும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இறங்கிடுச்சு. நானும் இறக்கிட்டேன். வர்ற மாசத்துலேருந்து ஐம்பது குறைச்சுக் கொடுங்க."

பதினோரு பேரும் கை தட்டினார்கள். பின்சீட்டுக்காரி ஒருத்தி, "அக்காவைப் போய்ச் சந்தேகப்பட்டோமே" என்று மூக்கை உறிஞ்சினாள். காஜாம்மா எழுந்துவந்து பக்கக் கதவைத் தானே இரண்டு முறை அடித்துச் சாத்தினாள். ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து வேன்காரம்மா அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சாலையில் போனதில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஏற்றப் பிரிவுக்காரர் நான்கு மாதம் கழித்துப் பேனாவைத் திறந்தார். ஒன்பது நான்குக்குப் பலகை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மத்தியானம் ஆணையத்திலிருந்து இரண்டு பேர் வந்து வேன்காரம்மாவை வேனோடு அழைத்துப் போனார்கள். ஒன்பது மாடியும் படியில்தான்.

இயக்குநர் அன்றும் நாற்காலி கொடுத்தார். தண்ணீர் கொடுக்கச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் மாடிக்கு ஒருவர் வீதம் அதிகாரிகள் நின்றார்கள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க தெரியுமா?"

"அந்தப் பெரியவருக்கு முட்டி..."

"பெரியவரை விடுங்க. ஒரே சாயங்காலத்துல விலை இறங்கிடுச்சு. கப்பல் வரல, தொட்டி தீரல, ரெண்டு மாடி இன்னும் பார்க்கவே இல்ல. லிஃப்ட்ல வந்துச்சு, இறங்கிடுச்சு. நாலு நிமிஷம்!" அவர் குரல் உடைந்தது. "இத்தனை வருஷமா முடியாது முடியாதுன்னு சொல்லிக்கிட்டிருக்கோம். முடியும்னு மக்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா இந்த முந்நூத்தி நாப்பது குடும்பம் எங்கம்மா போகும்?"

அறையில் யாரோ விசும்பினார்கள். நான்காம் மாடிக்காரர்.

"மக்களைத்தான் நினைச்சுப் பாருங்க" என்று இயக்குநர் தொடர்ந்தார். "நேத்து சாயங்காலம் இறங்கினதைப் பார்த்துட்டு, காலையில பழைய விலையைப் பார்த்தா அவங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்? அந்தக் கஷ்டத்தை அவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னுதான் நாங்க இறக்கறதே இல்லை."

வேன்காரம்மாவுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "இப்ப அந்தக் கோப்பு எங்கங்க? மறுபடி மேலேருந்து வருமா?"

"எப்படி வரும்? கோப்புப்படி விலை இறங்கியாச்சு. ஒருதடவை நிறைவேறின கோப்பை மூடித்தான் ஆகணும்."

"ஆனா விலை இறங்கலையே."

"பலகைப்படி இறங்கல. கோப்புப்படி இறங்கிடுச்சு. ரெண்டும் சரி."

பிறகு இரண்டு பக்கத் தாள் ஒன்றை மேசையில் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டால் போகலாம். போடாவிட்டால் விசாரணை முடியும்வரை வேன் ஆணையத்தின் வளாகத்திலேயே நிற்கும். விசாரணைக்கும் மாடிக்கு மூன்று நாள். சுவரில் கடிகாரம் ஐந்தேகால் காட்டியது. கம்பெனி வாசலில் நிழலில் நிற்கும் புது வேனும், அதன் தொட்டாலே சாத்திக்கொள்ளும் கதவும் வேன்காரம்மாவின் கண்ணுக்கு முன்னால் வந்தன. முதல் பக்கத்தில் முதல் இரண்டு வரியை மட்டும் படித்தார். நேற்று மாலை பலகையில் எண் தவறாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தது. தெரிந்தது உண்மைதானே என்று இரண்டு பக்கத்திலும் போட்டுக் கொடுத்துவிட்டுப் படி இறங்கி ஓடினார். ஐந்து முப்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பதினோரு பேரும் காத்திருந்தார்கள்.

அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து யோசித்தார். பெட்ரோல் பழைய விலைக்குப் போய்விட்டது, வாடகை மட்டும் குறைந்து நிற்கிறது. இப்படி ஓட்டினால் மாதக் கடைசியில் வண்டிக்கே போடக் காணாது. "நீ சொன்னதுதானே, ஏறினா ஏத்துறேன்னு. மறுபடி ஏறிடுச்சு, ஏத்து. இதுல என்ன கூச்சம்?" என்றார் வீட்டுக்காரர். நியாயமாகத்தான் பட்டது.

ஒன்றாம் தேதி காலை எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் வேன்காரம்மா திரும்பிப் பார்த்தார். ராத்திரி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான். 

"நானே சொல்லணும்னு இருந்தேன். பெட்ரோல் மறுபடியும் ஏறிடுச்சு. ஏறினா ஏத்துறேன்னுதானே பேச்சு. அதனால பழையபடி..."

காஜாம்மா பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். ஆணையத்தின் அறிவிப்பு. கம்பெனி வாசலிலும் பங்க்கிலும் எல்லா இடத்திலும் நேற்று ஒட்டியிருந்தார்களாம். யாரோ கிழித்துக் கொடுத்ததாம்.

"இதுல விலை இறங்கவே இல்லைன்னு போட்டிருக்கேக்கா. 'இறங்காத விலை ஏறியதாகச் சொல்லி எவரும் கட்டணத்தை உயர்த்தினால் அது குற்றம்.' ரெண்டாவது பக்கத்துல."

"அவங்க கிடக்கறாங்க. நீங்க எல்லாரும் கண்ணால பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தோம்க்கா. ஆனா நாங்க பார்த்ததுக்கு அத்தாட்சி இல்லை. பார்க்கலைன்னு சொன்னவங்க கையெழுத்துதான் இருக்கு." காஜாம்மாவின் குரலில் குத்தல் இல்லை. அவளுக்கும் மாதம் ஐம்பது பெரிய விஷயம். பின்சீட்டில் இருந்த பத்துப் பேருக்கும் அப்படித்தான். அவள் தாளை முன்சீட்டுப் பக்கம் நீட்டி, அடியில் விரல் வைத்துக் காட்டினாள். "இது உங்களுதுதானே?"

வேன்காரம்மா பார்த்தார். அவருடையதுதான். அவசரத்தில் போட்டதால் கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. முந்நூற்று நாற்பது பேர் இருக்கும் இறக்கப் பிரிவில் போன அன்றே முடிந்த ஒரே வேலை அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

"கதவைச் சாத்துங்கம்மா, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.